செவ்வாய்க்கிழமை அச்சடிக்காத பிரிண்டர்

“செவ்வாய்க்கிழமையானா எங்க ஆபீஸ் பிரிண்டர் வேலை செய்யறதில்லை சார்” என்று யாராவது போனில் சொன்னால் நான் சிரிப்பதில்லை. என்னோடு வேலை பார்க்கும் பையன்கள் சிரிப்பார்கள். “அண்ணே, இது ஜோசியர்கிட்ட போக வேண்டிய கேஸு” என்பார்கள். எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, எப்போது தானாகச் சரியாகிறது, அன்றைக்கு மட்டும் அந்த ஆபீசில் வேறு என்ன நடக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்வது என் வழக்கம்.

குன்றத்தூரில் குடியிருந்துகொண்டு, பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், இந்தப் பக்கம் மாங்காடு, பூந்தமல்லி வரைக்கும் ஆபீஸ் ஆபீசாகப் போய் பிரிண்டரும் நெட்வொர்க்கும் பார்ப்பது என் பிழைப்பு. டாட் மேட்ரிக்ஸ் காலத்தில் இந்தத் தொழிலுக்கு வந்தவன். அப்போது பிரிண்டர் ரிப்பேர் என்றால் ஹெட்டில் பின் உடைந்திருக்கும், ரிப்பன் சிக்கியிருக்கும். கையெல்லாம் மை ஆகும். ஆனால் காரணம் கண்ணுக்குத் தெரியும். இப்போது பிரிண்டர் ஒரு மூலையில் பச்சை விளக்கோடு சாதுவாக உட்கார்ந்திருக்கிறது. ஆபீசில் இருக்கிற அத்தனை கம்ப்யூட்டரும் அது ‘ஆஃப்லைன்’ என்று சாதிக்கின்றன. தொட்டுப் பார்க்க ஒன்றும் கிடையாது. தொட்டுப் பார்க்க ஒன்றும் இல்லாத இடத்தில்தான் நம் ஆட்களுக்குக் காரணங்கள் கொட்டும். கண்திருஷ்டி என்பார்கள். வாஸ்து சரியில்லை, தென்மேற்கில் வைத்தது தப்பு என்பார்கள். ஆயுத பூஜை அன்றைக்கு இதற்கு மட்டும் பொட்டு வைக்க மறந்துபோச்சு என்பார்கள். எல்லாம் முடிந்தபிறகு குரலைத் தாழ்த்தி ஒன்று வரும்: “அந்தப் பொண்ணு வேலைக்குச் சேர்ந்ததுலேருந்துதான் சார்.”

இந்தக் கடைசிக் காரணத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒன்று நடந்தது, அதற்கு இதுதான் காரணம் என்று எப்போது சொல்லலாம்? பிரிண்டர் மெக்கானிக்குக்குத் தினசரிக் கேள்வி இது. சைவ சித்தாந்தத்துக்கும் இது தலையாய கேள்வி. வார இறுதியில் ஊரில் நடக்கும் சித்தாந்த வகுப்புக்குப் போகிறவன் என்பதால் இரண்டையும் ஒரே மூளையில் போட்டுக் குழப்பிக்கொள்ளும் வாய்ப்பு எனக்கு உண்டு.

குன்றத்தூர்–பல்லாவரம் சாலையில் ஒரு சின்னக் கம்பெனி. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஆலைகளுக்கு உதிரிபாகம் சப்ளை செய்கிறவர்கள். சரக்கு ஏறியதும் இன்வாய்ஸ் மூன்று காப்பி, இ-வே பில், டெலிவரி சலான் எல்லாம் கைக்கு வந்தால்தான் லாரி டிரைவர் சாவியைத் திருகுவார். செவ்வாய்க்கிழமைகளில் காலை பத்தரை மணிக்கு மேல் அங்கே ஒரு காகிதம் வெளியே வராது. பிரிண்டரை அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் வரும், மறுபடி நின்றுவிடும். சாயங்காலம் தானாகச் சரியாகிவிடும். புதன்கிழமை காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும்.

அவர்கள் பார்க்காத வைத்தியம் இல்லை. பிரிண்டர் மேல் எலுமிச்சம்பழம் இருந்தது. பில்லிங்கை முடிந்தவரை திங்கள் இரவே முடித்துக்கொள்வது என்று முடிவாகியிருந்தது. முன்னால் வந்துபோன சர்வீஸ்காரர்கள் ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டரிலிருந்த பிரிண்டர் டிரைவரைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டிருந்தார்கள். பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி, உள்ளே தேங்கிக் கிடந்த கோப்புகளை அழித்து, மறுபடி ஓடவிட்டிருந்தார்கள். பில் போடுவதற்கு ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருந்தது. பிரிண்டருக்குப் பக்கத்து மேசை. “ஆள் எடுக்கும்போதே ராசி பாத்து எடுக்கணும் சார்” என்று மேனேஜர் என்னிடம் சொன்னபோது அந்தப் பெண் நாலடி தூரத்தில்தான் இருந்தது. காதில் விழாத மாதிரி ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தது.

சர்வீஸ்காரர்கள் வந்ததெல்லாம் மதியத்துக்கு மேல். டிரைவரை எடுத்துப் போட்டு முடிக்கச் சாயங்காலம் ஆகியிருக்கும். பிரிண்ட் வந்திருக்கும். ‘சரியாகிவிட்டது, ஆகவே சரிசெய்தது நாம்தான்’ என்று பில் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நாம் ஊரைப் பார்த்துச் சொல்கிறோம். எங்கள் தொழிலில் பாதி அந்தக் காக்கைதான். எலுமிச்சம்பழம் வைத்தவரும் டிரைவரை மாற்றியவரும் தர்க்கப்படி ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியவர்கள். ஒருவரிடம் லேப்டாப் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

டிரைவர் குற்றவாளியே அல்ல என்று சொல்லவில்லை. பிரிண்டருக்கும் ஒரு மொழி உண்டு. போஸ்ட்ஸ்கிரிப்ட் என்று ஒன்று, பிசிஎல் என்று ஒன்று. தெரியாத மொழியில் அனுப்பினால், சில பிரிண்டர்கள் பக்கத்துக்கு ஒரு வரி என்று உளறிக்கொட்டும். சதவீதக் குறி, கழித்தல் குறி, 12345, பிறகு எக்ஸ் என்று முதல் தாளில் வந்தால், டிரைவரை மாற்று என்று அந்தத் தாளே சொல்கிறது என்று அர்த்தம். நிறுத்தாவிட்டால் ஒரு கட்டுக் காகிதத்தைத் தின்றுவிட்டுத்தான் ஓயும். டிரைவர் கோளாறுக்கு அப்படித் தனி அடையாளம் இருக்கிறது. அந்தக் கம்பெனியில் உளறல் எதுவும் வரவில்லை, மௌனம்தான். மௌனத்துக்கு மருந்து வேறு இடத்தில் தேட வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையிலேயே போய் உட்கார்ந்தேன். பத்தரை தாண்டியது. நின்றது. பிரிண்டரின் பேனலிலிருந்தே அதன் விவரத் தாளை அச்செடுத்தேன். அதில் அதன் நெட்வொர்க் விலாசம் இருக்கும். கடைசி எண் 50. பில்லிங் கம்ப்யூட்டரில் கறுப்புத் திரையைத் திறந்து அந்த விலாசத்துக்கு ‘பிங்’ அடித்தேன். இருக்கிறாயா என்று கேட்பதுதான் பிங். இருக்கிறேன், இருக்கிறேன் என்று வரிவரியாகப் பதில் வந்தது. பிரிண்டர் பதில் சொல்கிறது, ஆனால் அச்சடிக்க மறுக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். எழுந்துபோய் பிரிண்டரின் பின்பக்கத்திலிருந்து நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன். அந்தச் சின்னக் கிளிப்பை அழுத்தி இழுத்ததும் பச்சை விளக்கு அணைந்தது. திரும்பி வந்து ஸ்கிரீனைப் பார்த்தால், இருக்கிறேன், இருக்கிறேன் என்று பதில் வந்துகொண்டே இருக்கிறது.

பிரிண்டர் பேரில் வேறு யாரோ பதில் சொல்கிறார்கள். எந்த விலாசத்தில் எந்தக் கருவி இருக்கிறது என்று கம்ப்யூட்டர் குறித்து வைக்கும் ஆர்ப் அட்டவணையைப் பார்த்தேன். அந்த விலாசத்துக்கு நேரே இருந்த மேக் எண், விவரத் தாளில் இருந்த பிரிண்டரின் மேக் எண் அல்ல. மேக் எண்ணின் முன்பாதி, அதைச் செய்த கம்பெனி எது என்று காட்டிக்கொடுக்கும். அது ஒரு லேப்டாப்பின் வைஃபை சில்லு. அந்த ஆபீசுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்க ஒரு கன்சல்டண்டின் உதவியாளர் வாரம் ஒருமுறை வருவார். வருவது செவ்வாய்க்கிழமை. வந்து சேர்வது பத்தரை. வேறொரு இடத்தில் தேவைப்பட்டது என்று அவருடைய லேப்டாப்பில் யாரோ விலாசத்தைக் கையால் நிரந்தரமாகப் போட்டு வைத்திருந்தார்கள். கடைசி எண் 50. இரண்டு பேருக்கு ஒரே கதவு எண் ஆகிவிட்டது. தபால் எல்லாம் தப்பான வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பிரிண்டரை அணைத்துப் போட்டால் எழுந்ததும் ‘50 நான்தான்’ என்று கூவும், அதனால் சற்று நேரம் வேலை நடக்கும். பிறகு லேப்டாப் ஜெயித்துவிடும். அவர் சாயங்காலம் மூட்டை கட்டினால் எல்லாம் சுபம். லேப்டாப்பைத் தானியங்கி விலாசத்துக்கு மாற்றி, ரவுட்டரில் பிரிண்டருக்கென்று ஒரு எண்ணை ஒதுக்கி வைத்தேன். பத்து நிமிட வேலை.

மேனேஜர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அந்தப் பெண்ணிடம் ஒன்றும் சொல்லவில்லை.

சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் சுபக்கம் அளவையில் தொடங்குகிறது. கடவுளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், ஒன்றை எப்படி அறிகிறோம் என்பதை அருணந்தி சிவாசாரியார் பேசிவிடுகிறார். காட்சி, கருதல், உரை. காட்சியிலும் எல்லாக் காட்சியும் செல்லாது. ஐயமும் திரிபும் நீங்கியதே செல்லும். தூரத்தில் நிற்பது கட்டையா ஆளா என்பது ஐயம். கயிற்றைப் பாம்பென்பது திரிபு. பிங்குக்கு வந்த பதிலைப் பிரிண்டரின் பதில் என்று எடுத்துக்கொள்வதும் சுத்தமான திரிபுதான். கருதலுக்கு வேண்டிய ஏதுக்களில் மூன்றாவதாக அநுபலத்தி என்று ஒன்றை வைக்கிறார்கள். குளிர் இல்லை, ஆகவே பனி இல்லை என்று இன்மையைக் கொண்டு இன்மையை அறிவது. இருக்கும்போது இருப்பதைப் பார்த்தால் மட்டும் போதாது; இல்லாதபோது என்ன ஆகிறது என்றும் பார்த்தாக வேண்டும். எங்கள் பாஷையில், கேபிளைப் பிடுங்கிப் பார்.

சைவர்களுக்கு மட்டும் இந்தக் கவலை இருந்ததாக நினைக்க வேண்டாம். மணிமேகலையின் 29ஆம் காதையில், எங்கள் மாவட்டத் தலைநகரான காஞ்சியில் வைத்து, அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொல்லிக்கொடுப்பது பௌத்தத் தர்க்கம். ஏதுப் போலி, திட்டாந்தப் போலி என்று காரணம்போல வேஷம் போடும் வகைகளை அடுக்கிக்கொண்டே போகிறார். கூல வாணிகன் சாத்தனாரின் பேரைச் சொல்லும் காவியத்தில் இவ்வளவு தர்க்கம் எதற்கு என்று தமிழாசிரியர்கள் அலுத்துக்கொள்வது உண்டு. கணக்கு வழக்குத் தெரிந்த வியாபாரி, போலிச் சரக்கைப் பற்றி எழுதாமல் வேறு யார் எழுதுவது?

மேனேஜர் பார்த்தது தப்பில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவருடைய காட்சி சரி. செவ்வாய்க்கிழமைதான் நின்றது. சிரித்த பையன்கள் அந்தக் காட்சியையே குப்பையில் போட்டிருப்பார்கள், லேப்டாப் கிடைத்திருக்காது. கிழமையை நம்புகிறவர் ஒரு படி ஏறி அங்கேயே உட்கார்ந்துவிடுகிறார். சிரிக்கிறவர் முதல் படியிலேயே ஏறுவதில்லை.

இதற்கு உலகப் பிரசித்தமான சாட்சி ஒன்று இருக்கிறது. 2008–09இல் உபுண்டு லினக்ஸ் வைத்திருந்த சிலருக்கு ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிண்ட் போகவில்லை. சில நாள் போகும், சில நாள் போகாது. டிரைவரைப் போட்டுப் பார்த்தார்கள், எடுத்துப் பார்த்தார்கள். ஒருவருடைய மனைவி, இது செவ்வாய்க்கிழமைகளில்தான் அச்சடிப்பதில்லை என்று சொன்னார்; சொன்னதோடு நிற்காமல் செய்தும் காட்டினார். கணவர் அதைப் பிடித்துக்கொண்டு தேடினார். வருகிற கோப்பு என்ன வகை என்று அடையாளம் காண அந்தக் கணினிகளில் ஒரு சின்ன நிரல் உண்டு. எர்லாங் என்ற கணினி மொழியின் ஒருவகைக் கோப்பை அடையாளம் காண, அதன் விதிப் பட்டியலில் 1991 ஜனவரி 22 என்ற தேதியை ஆங்கிலத்தில் கிழமையோடு எழுதியிருந்தார்கள். அது ஒரு செவ்வாய்க்கிழமை. எழுதிய விதத்தில் சொற்களுக்கு நடுவே இருந்த இடைவெளியைச் சரியாகக் குறிக்காததால், முழுத் தேதியைத் தேட வேண்டிய நிரல், செவ்வாய்க்கான மூன்று ஆங்கில எழுத்துகளை மட்டும் தேடியது. ஓப்பன் ஆபீஸ் அச்சுக்கு அனுப்பும் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் உருவான நாளை எழுதும். செவ்வாய்க்கிழமை எழுதினால் அந்த மூன்று எழுத்தும் சரியாக அந்த இடத்தில் வந்து விழும். இது அச்சடிக்க வேண்டிய கோப்பு அல்ல என்று நிரல் முடிவுகட்டிவிடும். மற்ற ஆறு நாளும் தொந்தரவில்லை.

இங்கே கிழமைக்கு நிஜமாகவே பங்கு இருந்தது. பங்கு இருந்தது எழுத்துக்கு. வானத்தில் சிவப்பாகத் தெரிகிற கோளுக்கு அல்ல. அந்த அம்மாள் செவ்வாய் என்று சொன்னதும் யாரும் எலுமிச்சம்பழம் வாங்கப் போகவில்லை, சிரித்துவிட்டுப் போகவும் இல்லை. விதிப் பட்டியல் எல்லோரும் திறந்து பார்க்கும்படி இருந்ததால் கண்டுபிடிக்கவும் முடிந்தது. எனக்குத் தெரிந்து தர்க்க நூல்களுக்கு இதைவிட நல்ல திட்டாந்தம் கிடையாது.

இன்னொரு செவ்வாய். மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்திரத் திருத்தங்களை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடும். 2021இல் பிரிண்ட் ஸ்பூலரில் ‘பிரிண்ட் நைட்மேர்’ என்று பேர் பெற்ற பெரிய ஓட்டை வெளிப்பட்டது. அதன்பின் பிரிண்டர் பக்கம் ஒவ்வொரு மாதமும் ஒரு தாழ்ப்பாள் போட்டார்கள். செப்டம்பர் 14 செவ்வாய் அன்று போட்ட தாழ்ப்பாளில், ஒரு கம்ப்யூட்டரில் பிரிண்டரை இணைத்து மற்றவர்களுக்குப் பகிர்ந்துகொள்ளும் ஏராளமான ஆபீஸ்கள் மாட்டிக்கொண்டன. பிரிண்டரை வைத்திருந்த கம்ப்யூட்டர் கூடுதல் பாதுகாப்புடன் பேசினால்தான் பதில் சொல்வேன் என்றது. கேட்க வந்த கம்ப்யூட்டருக்கு அந்தப் பேச்சு பிடிபடவில்லை. 11பி என்று முடியும் ஒரு பிழை எண் திரையில் வரும். அந்த வாரம் என் போன் சூடாறவில்லை. ஆனால் அமெரிக்க மேற்குக் கரையில் அப்போது செவ்வாய் காலை பத்து மணி என்றால் நமக்கு இரவு பத்தரை. ஆபீஸ் திறந்து, திருத்தம் இறங்கி, பிரிண்டர் படுத்தது புதன்கிழமை. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று நாம் கொண்டாடுகிற அதே புதன். ஒரே கோளாறு அங்கே செவ்வாயின் தலையில், இங்கே புதனின் தலையில். கிழமைக்குச் சக்தி இருந்தால் அது எந்த ஊர்க் கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்யும் என்பதை நம்புகிறவர்கள் சொல்ல வேண்டும்.

குன்றத்தூர்க்காரனுக்கு இந்த விஷயத்தில் ஊர்ப் பெருமை ஒன்று உண்டு. சேக்கிழார் பிறந்த ஊர் இது. அநபாய சோழனுக்கு அமைச்சராக இருந்து, பெரிய புராணம் செய்தவர். அதில் திருஞானசம்பந்தர் திருமறைக்காட்டிலிருந்து மதுரைக்குக் கிளம்பும் கட்டம் வருகிறது. பாண்டிமாதேவி அழைத்திருக்கிறார். நாளும் கோளும் சரியில்லை, போக வேண்டாம் என்று தடுப்பவர் சாதாரண ஆள் இல்லை, அப்பர். அதற்குப் பதிலாகச் சம்பந்தர் பாடியதுதான் கோளறு பதிகம். ஏழு கிழமைக்கும் உரிய கோள்களையும் இராகு கேதுவையும் வரிசையாகச் சொல்லி, அடியாருக்கு அவை எல்லாம் நல்லவையே என்று முடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்.

இந்தக் கதையின் அடுத்த பகுதியைப் பலர் கவனிப்பதில்லை. அப்பர் பயந்தது வீண் பயம் அல்ல. மதுரையில் சம்பந்தர் தங்கிய மடத்துக்குத் தீ வைக்கப்பட்டது. ஆபத்து வரத்தான் செய்தது. வைத்தவர்கள் மனிதர்கள், கோள்கள் அல்ல. தீயைக் கண்டதும் சம்பந்தரும் கிழமையைப் பார்க்கவில்லை. அரசன் முறை தவறியதால் வந்தது இது என்று கண்டு, தீ அரசனையே போய்ச் சேரட்டும் என்கிறார். வைத்த கையைத் தாண்டி, யார் பொறுப்பில் இது நடந்தது என்று பார்க்கிறார். அமைச்சராக இருந்தவர் எழுதிய கதை. பொறுப்பு எங்கே போய் நிற்கும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன.

அப்படிப்பட்ட சேக்கிழார் சோழநாட்டுத் திருநாகேச்சுரத்தின் நினைவாக இங்கே ஒரு நாகேஸ்வரர் கோயிலை எழுப்பினார். இன்றைக்கு அது இராகு பரிகாரத் தலம். சென்னையைச் சுற்றிய நவக்கிரகத் தலங்கள் என்று ஒரு சுற்று இருக்கிறது: போரூர் குருவுக்கு, மாங்காடு சுக்கிரனுக்கு, கோவூர் புதனுக்கு, கெருகம்பாக்கம் கேதுவுக்கு, பொழிச்சலூர் சனிக்கு, பூந்தமல்லி வைத்தீஸ்வரர் செவ்வாய்க்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் வைத்துக்கொண்டு ஒரே நாளில் முடிக்கிறார்கள். அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. கஷ்டம் வந்தவர்கள்தான் அந்த வேனில் ஏறுகிறார்கள். ஆனாலும், கோள் என்ன செய்யும் என்று கேட்டவர் கதையை ஊருக்கெல்லாம் சொன்ன மனிதரின் கோயிலில், கோளுக்குப் பயந்து வரிசையில் நிற்பது கொஞ்சம் அதிகப்படிதான். அதே ஊரில் மலைமேல் இருக்கும் முருகனுக்குச் செவ்வாய்தான் விசேஷ நாள். ‘செவ்வாயோ வெறுவாயோ’ என்று சொல்லிக் கடை திறப்பைத் தள்ளிவைக்கிறவரும் அன்றைக்குப் படி ஏறத்தான் செய்கிறார்.

வகுப்பில் இதைச் சொன்னபோது பாடம் நடத்தும் ஐயா விடவில்லை. ஓய்வு பெற்ற தமிழாசிரியர்.

“தம்பி, நீங்க சொல்றது சரி. ஆனா சித்தாந்தத்துல வினை உண்டே. அந்த லாரி நிக்கணும், அந்த முதலாளி நஷ்டப்படணும்னு வினை இருந்தா?”

“இருக்கட்டுங்க ஐயா. வினை எது வழியா வந்துச்சு?”

“பிராரத்தம் மூணு வழியில வரும். தெய்வத்தால, பூதங்களால, உயிர்களால.”

“இது லேப்டாப் வழியா வந்துருக்கு. அந்த வழியை அடைச்சேன்.”

அவர் சிரித்தார், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். நீங்கள் திரிகையை மட்டும் பார்த்துவிட்டுக் குயவனை மறந்துவிடுகிறீர்கள் என்றார். மறக்கவில்லை. மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து வைத்ததுதான் சித்தாந்தத்தின் பெருமை என்று நான் நினைக்கிறேன். இறைவன் நிமித்த காரணம் என்று சொன்னவர்கள் திரிகையைத் தூக்கி எறியவில்லை. திரிகை கோணினால் குயவனைத் தொழுது சரியாக்க முடியாது. திரிகையைத்தான் நிமிர்த்த வேண்டும். எல்லாம் அவன் செயல் என்பது உண்மையாக இருக்கலாம். எல்லாவற்றுக்கும் பொருந்துவதாலேயே, இந்தச் செவ்வாய்க்கிழமை இந்தப் பிரிண்டர் ஏன் நின்றது என்ற கேள்விக்கு அது பதிலாகாது. அந்தப் பதிலை அங்கே சொல்வது பக்தியாகாது; கேபிளைப் பிடுங்கிப் பார்க்கச் சோம்பல். கண்டுபிடித்த அந்த நொடியில் காட்டுவதும் காண்பதும் அவன் உபகாரம் என்று சாத்திரம் சொல்கிறதே, அதை நான் முழுசாக ஒப்புக்கொள்கிறேன். மேக் எண் பொருந்தாததை என் கண் எத்தனையோ வரிகளுக்கு நடுவே எப்படிப் பிடித்தது என்பதற்கு என்னிடம் வேறு விளக்கம் இல்லை.

ஆயுத பூஜைக்கு என் கிரிம்பிங் கருவிக்கும் ஸ்குரூடிரைவர்களுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறேன். வருஷம் முழுக்கச் சோறு போட்டதற்கு ஒரு கும்பிடு. அடுத்த வருஷம் ரிப்பேர் ஆகக் கூடாது என்று ஒப்பந்தம் போடுவதில்லை.

பிரிண்டரோடு போனால் இதெல்லாம் தமாஷ். செவ்வாயின் பெயரில் பெண்களுக்கு நடப்பதுதான் தமாஷ் இல்லை. பூந்தமல்லி வைத்தீஸ்வரர் கோயிலில் செவ்வாய்க்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். ஜாதக நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அம்மாக்கள் நிற்பார்கள். பக்கத்தில் முப்பதை நெருங்கும் பெண் போனைப் பார்த்தபடி நிற்கும். லக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய வீடுகளில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்பது நம் பக்கத்துக் கணக்கு. பன்னிரண்டு வீட்டில் ஐந்து வீடு. விலக்குகளைக் கழிப்பதற்கு முன்னால், நூற்றுக்கு நாற்பது ஜாதகத்துக்கு மேல் இதில் விழுந்துவிடும். கட்டியவருக்கு ஆகாது என்பது உண்மையானால் நம் தெருவில் பாதி வீடு காலியாக இருந்திருக்க வேண்டும். தோஷம் இருந்தும் அறுபதாம் கல்யாணம் கண்டவர்களை யாராவது எண்ணினார்களா? தோஷம் இல்லாமலே துணையை இழந்தவர்களை எண்ணினார்களா? அநுபலத்தியையும் ஓர் ஏதுவாகச் சாத்திரமே வைத்திருக்கிறது. ஜாதகக் கட்டுக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு எங்கே கொடுத்தார்கள்? தங்கள் தோஷத்தைப் பற்றி யாராவது பேசும்போது, அந்தக் கம்பெனிப் பெண்ணைப் போலவே, இந்தப் பெண்களும் ஸ்கிரீனைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

பையன் வீட்டுக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். படிப்பு பிடித்திருக்கிறது, குணம் பிடித்திருக்கிறது, பையனும் பெண்ணும் பேசிச் சம்மதித்தும் ஆயிற்று, செவ்வாய் ஒன்றுதான் இடிக்கிறது என்று எந்த ஜாதகத்தையாவது தள்ளி வைத்திருக்கிறீர்களா? மனசு கேட்கவில்லை என்றால் பூந்தமல்லிக்குப் போய் ஒரு அர்ச்சனை செய்யுங்கள், தப்பில்லை. செய்துவிட்டு, அன்றைக்குச் செவ்வாய்க்கிழமையாகவே இருந்தாலும், அந்தப் பெண் வீட்டுக்குப் போன் போடுங்கள்.